ஃபேன் கொக்கியில் 38 கிலோ சரவிளக்கை மாட்டலாமா?

கேள்வி: மதுரையில் புது வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். ஹால் இரண்டு மாடி உயரம். தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரை 19 அடி. அதற்கு மேலே மொட்டைமாடி. துபாயில் இருக்கும் மகன் 24 பல்பு போடுகிற கண்ணாடிச் சரவிளக்கு ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். பெட்டியில் 38 கிலோ என்று போட்டிருக்கிறது. நடுவில் இருக்கும் ஃபேன் கொக்கியிலேயே மாட்டிவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். ஃபால்ஸ் சீலிங் போடுபவர், ஜிப்சம் பலகைக்கு மேலே ஒரு பிளைவுட் துண்டு வைத்து அதில் ஸ்க்ரூ முடுக்கினால் போதும் என்கிறார். கொத்தனாரோ, இவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் தளமே விரிசல் விடும் என்கிறார். தை மாதம் கிரகப்பிரவேசம். பேரப்பிள்ளைகள் அந்த விளக்குக்குக் கீழேதான் ஓடி விளையாடுவார்கள். யார் சொல்வதைக் கேட்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, ஃபால்ஸ் சீலிங் வேலை தொடங்கும் முன்பே கேட்டீர்களே, பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் மூடி, பெயின்ட் அடித்து, லைட்டும் போட்ட பிறகு எழுதப்படுபவை.

முதலில் கொத்தனாரின் பயத்தைப் போக்கிவிடுவோம். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ பாரம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் தளத்தை வடிவமைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை. தளத்தின் சொந்த எடை, தட்டோடு எடையெல்லாம் இதில் சேராது. உங்கள் வீட்டு மாடியில் நான்கு பேர் நெருங்கி உட்கார்ந்து வடாம் பிழிந்தால் அந்த இடத்தில் 250 கிலோ இருக்கும். அப்போது யாரும் தளம் விரியும் என்று பயப்படுவதில்லை. 38 கிலோ ஒழுங்காகப் போட்ட 5 அங்குலத் தளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

விழுகிற சரவிளக்குகள் எதுவும் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு விழுவதில்லை. கொக்கி நிமிர்ந்து விழும், ஃபாஸ்னர் (கான்கிரீட் துளைக்குள் இறக்கி முறுக்கினால் விரிந்து பிடிக்கும் போல்ட்) உருவிக்கொண்டு விழும், சங்கிலிக் கண்ணி வாய்பிளந்து விழும், மரை கழன்று விழும். ஆகவே விளக்கின் எடை எந்தெந்தப் பொருள் வழியாக ஏறிக் கான்கிரீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டும். அதில் எது சோப்ளாங்கியோ அதுதான் உங்கள் விளக்கின் பலம்.

அந்த 38 கிலோவையே நான் இன்னும் நம்பவில்லை. அது விளக்கின் எடையா, பெட்டியோடு சேர்த்தா? கண்ணாடிச் சரங்கள் தனிப்பெட்டியில் வந்தனவா? மேலே மூடுகிற கிண்ணம், 8 அடிச் சங்கிலி, பல்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா? பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருப்பாரே, எலெக்ட்ரானிக் தொங்கு தராசு, அதை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, எல்லாப் பாகங்களையும் சாக்கில் கட்டித் தூக்கி எடை பாருங்கள். நான் இந்தப் பதிலுக்கு 45 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். கூடினால் கணக்கை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

45 கிலோவுக்கு 45 கிலோ தாங்கும் பிடிமானம் போதாது. தொங்குவிளக்குகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலை, ஐ.இ.சி. 60598, விளக்கின் எடைக்கு மேல் இன்னும் நான்கு மடங்கு எடையை ஏற்றி ஒரு மணி நேரம் தொங்கவிடச் சொல்கிறது. நம் ஐ.எஸ். 10322-உம் விளக்குகளுக்கான தரநிலைதான். விளக்கின் மாட்டும் பாகங்களுக்கே இந்தச் சோதனை என்றால், அதைப் பிடித்திருக்கிற கூரைப் பிடிமானம் அதற்குக் குறைந்து இருப்பதில் அர்த்தமில்லை. ஆக மொத்தம் ஐந்து மடங்கு. 225 கிலோ.

இப்போது ஃபேன் கொக்கிக்கு வருவோம். ஒரு சீலிங் ஃபேன் ராடோடு சேர்த்து நாலைந்து கிலோ. அதற்காக வைத்த கொக்கி அது. 12 மி.மீ. இரும்புக் கம்பியை நேராக இழுத்தால் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் என்று உங்கள் எலெக்ட்ரீஷியன் சொன்னால் அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வளைத்த கம்பி இழுக்க இழுக்க நிமிரப் பார்க்கும். அதைவிட முக்கியம், அந்தக் கம்பியின் இரண்டு முனைகளும், கொக்கி உட்கார்ந்திருக்கிற ஃபேன் பெட்டிக்கு வெளியே எவ்வளவு தூரம் கான்கிரீட்டுக்குள் போயிருக்கின்றன என்பது. நல்ல வேலை என்றால் இரு பக்கமும் ஓர் அடி நீண்டு, தளத்தின் அடிக்கம்பிகளுக்கு மேலே படுத்து, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்கும். கடையில் ரெடிமேடாக வாங்கிச் சென்ட்ரிங் பலகையில் ஆணி அடித்து வைத்த பெட்டி என்றால், கம்பி அந்தப் பெட்டியின் தகட்டோடு முடிந்திருக்கலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் செல்போனில் படம் எடுத்தீர்களா? பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். அந்த ஒரு படம் இருந்தால் நான் இங்கே எழுதுவதில் பாதி வேண்டியிருக்காது.

அமெரிக்க மின்கம்பி விதியில் இதற்கு ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோவுக்கு மேற்பட்ட விளக்கை, அதிக எடைக்கென்று முத்திரையிட்ட பெட்டியாக இருந்தால் தவிர, கூரை மின்பெட்டியில் தொங்கவிடக் கூடாது. கட்டடத்தோடு தனியாகப் பிடிக்க வேண்டும். நமக்கு அந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் என் வேலையில் நானும் ஏறக்குறைய அந்த அளவையே வைத்துக்கொள்கிறேன். 20 கிலோவைத் தாண்டினால் தனிப் பிடிமானம்.

ஃபால்ஸ் சீலிங் ஆள் சொன்ன யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை தன் எடையையே மெல்லிய தகரச் சேனலில் தொங்கித்தான் சமாளிக்கிறது. மேலே பிளைவுட் வைத்தால், அந்தப் பிளைவுட் எதில் நிற்கிறது? அதே தகரத்தில். உங்கள் விளக்கின் தண்டோ சங்கிலியோ ஃபால்ஸ் சீலிங்கில் விட்ட ஓட்டை வழியாக, எதையும் தொடாமல் கீழே வர வேண்டும். ஓட்டையை மறைக்கக் கிண்ணம் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்கும் இதற்கும் உறவு.

சரி, கான்கிரீட்டில் துளை போட்டு ஃபாஸ்னர் இறக்கலாமா? இறக்கலாம். ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். நான் பார்த்த தவறுகளில் அதிகம் இந்தக் கட்டத்தில் நடந்தவை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டுக்காரர், மாட்டி நான்கு மாதமே ஆன விளக்கு இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதாகச் சொல்லிக் கூப்பிட்டார். போய்க் கிண்ணத்தை இறக்கினால், ஃபாஸ்னர் பாதி வெளியே. கொத்தனார் சென்ட்ரிங் மட்டக்குறைவைச் சரிக்கட்ட அந்த இடத்தில் ஒன்றரை அங்குலத்துக்குச் சிமென்ட் பூச்சு அப்பியிருக்கிறார். துளை போட்டவருக்கு அது தெரியாது. ஃபாஸ்னர் விரிந்து பிடித்திருந்தது பூச்சைத்தான். கான்கிரீட்டை அது தொட்டதோடு சரி. நல்லவேளை, மின்வயர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வயரில் தொங்குகிற விளக்கை அன்று நான் சாரத்தில் நின்று தாங்கிப் பிடித்தது இன்னும் தோளில் வலிக்கிறது.

அதனால் தகடு உட்காருகிற இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கான்கிரீட் தெரியும்படி செய்யுங்கள். ஃபாஸ்னரின் ஆழம் அங்கிருந்துதான் கணக்கு.

இரண்டாவது விஷயம் கடைக்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. தளத்தின் நடுப்பகுதியில் அடிப்பக்கம் எப்போதும் இழுவிசையில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் அங்கே இருப்பது இயல்பு. தளம் அப்படித்தான் வேலை செய்கிறது, கம்பி இழுவையை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் விளக்கு தொங்கப்போவதும் அதே நடுப்பகுதியில்தான். ஃபாஸ்னர் துளையின் குறுக்கே அப்படி ஒரு விரிசல் போனால் துளை இம்மி அகலும். சாதாரண விரிவு ஃபாஸ்னரின் பிடி தளரும். விரிசல் விட்ட கான்கிரீட்டுக்கும் ஏற்றது என்று சான்று பெற்ற ஃபாஸ்னர்கள் தனியாக இருக்கின்றன. துளை அகன்றால் அவையும் கூடவே விரிந்து பிடிக்கும். வன்பொருள் கடையில் தட்டில் கொட்டிக் கிலோ கணக்கில் விற்பதை வாங்காமல், பெட்டியில் தயாரிப்பாளரின் விவரத்தாளோடு வருவதை வாங்குங்கள். துளை ஆழம், விட்டம், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

பசை ஊற்றி இறக்குகிற கெமிக்கல் ஆங்கர் இன்னும் பலமாச்சே என்று யாராவது சொல்வார்கள். பலம்தான். ஆனால் தலைக்கு மேலே, ராப்பகலாக, வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிற பாரத்துக்கு எல்லாப் பசையும் சரிப்படாது. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரின் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதையில் கூரையின் கான்கிரீட் பலகைகள் சுமார் 26 டன் அப்படியே பெயர்ந்து ஒரு காரின் மேல் விழுந்தன. காரில் இருந்த ஒரு பெண் இறந்துபோனார். அந்தப் பலகைகள் தொங்கியது எபாக்ஸி பசையில் இறக்கிய போல்ட்டுகளில். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, சீக்கிரம் இறுகும் அந்தப் பசை தொடர்ச்சியான பாரத்தில் மெல்ல மெல்ல இளகி நீண்டு, போல்ட்டை வழுக்கி விட்டது தெரிந்தது. போட்ட அன்று இழுத்துப் பார்த்தபோது பாஸ் ஆன போல்ட்டுகள்கூட அதில் உண்டு. வீட்டு ஹாலில் அந்த வம்பு எதற்கு?

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. 10 அங்குலம் சதுரத்தில், 10 மி.மீ. கனத்தில் ஓர் இரும்புத் தகடு. நான்கு மூலையிலும் துளை, ஒன்றுக்கொன்று 8 அங்குல இடைவெளியில். நடுவில் கீழ்நோக்கி ஒரு காது, துளையோடு, இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு வெல்டிங். இரண்டு கோட் ரெட் ஆக்ஸைடு. இதை நான்கு 10 மி.மீ. ஃபாஸ்னர்களில் தளத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். நல்ல கான்கிரீட்டில் முறையாக இறங்கிய ஒரு ஃபாஸ்னரே சில நூறு கிலோ தாங்கும். அப்புறம் எதற்கு நான்கு என்றால், அதில் ஒன்று மோசமாக உட்கார்ந்திருந்தாலும் விளக்கு அதைக் கண்டுகொள்ளக் கூடாது, அதற்காக.

தகட்டை ஃபேன் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். மின்பைப்புகள் தளத்துக்குள் நாலா பக்கத்திலிருந்தும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேர்கின்றன. டிரில் பிட் பைப்பில் இறங்கினால் வயர் போகும், ஃபாஸ்னருக்கும் பிடி இருக்காது. பைப் வராத பக்கமாக ஓர் அடி தள்ளிப் போங்கள். ஹாலின் மையம் ஓர் அடி நகர்ந்தது 19 அடி கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஃபால்ஸ் சீலிங்கின் வட்டத்தையும் அதற்கேற்ப நகர்த்திவிடலாம். கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்கும் டிடெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சின்ன பிட்டால் மெதுவாகத் துளைத்துப் பார்ப்பது. கம்பியில் முட்டினால் துளையை இரண்டு அங்குலம் தள்ளுங்கள். கம்பியை அறுத்துக்கொண்டு போகிற வீரம் வேண்டாம். அதற்காகத் தகட்டில் துளை போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் துளை அமைந்த இடத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்து, அதன்படி தகட்டில் போடலாம். துளைக்குள் இருக்கும் தூளை பிரஷ் விட்டு, பம்ப் வைத்து ஊதி, மறுபடி பிரஷ் விட்டு எடுக்க வேண்டும். அண்ணாந்து போடும் துளையில் தூள் தானே கொட்டிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். கொட்டாது, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹாலின் குறுக்கே பீம் ஏதாவது போனால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. பீமின் இரண்டு பக்கவாட்டிலும் தகடு வைத்து, போல்ட்டைப் படுக்கைவசத்தில் இறக்கி, கீழே ஒரு சேனலில் இணைத்துவிடலாம். அப்போது பாரம் போல்ட்டை உருவப் பார்க்காது. குறுக்கே வெட்டத்தான் பார்க்கும். அது இரும்புக்குச் சுலபமான வேலை.

மாட்டியாயிற்றா, இனி சோதனை. இதைச் செய்யாமல் விளக்கை ஏற்றாதீர்கள், யார் என்ன சத்தியம் செய்தாலும். தகட்டின் காதிலிருந்து ஒரு கம்பிக் கயிறு தொங்கவிட்டு, அதன் கீழ் நுனியில் செயின் பிளாக், அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி, மாட்டுங்கள். தார்ப்பாயில் நாலரை மூட்டை சிமென்ட்டைக் கட்டி, தரையிலிருந்து அரை அடி மட்டும் தூக்குங்கள். 50 கிலோ மூட்டை என்றால் சரியாக 225 கிலோ. சிமென்ட் தீர்ந்துபோயிருந்தால் 20 லிட்டர் தண்ணீர் கேன் பதினொன்றும் ஒரு செங்கல் மூட்டையும் போதும். விழுந்தாலும் அரை அடிதான் விழும். ஆனாலும் கீழே யாரும் நிற்கக் கூடாது, மேலேயிருந்து வரும் கயிறு தலையில் விழும். ராத்திரி முழுக்கத் தொங்கட்டும். காலையில் சாரத்தில் ஏறி, தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகிப் பாருங்கள். முந்தின நாள் நுழையாத இடத்தில் இன்று நுழைந்தால், அல்லது ஃபாஸ்னரைச் சுற்றிக் கான்கிரீட்டில் வட்ட விரிசல் தெரிந்தால், அந்தத் தகடு வேண்டாம். வேறு இடம் பார்க்க வேண்டும்.

தளம் முடிந்தது, கீழே வாருங்கள். காதையும் சங்கிலியையும் இணைக்க எஸ் வடிவக் கொக்கி வேண்டாம், திருகி மூடுகிற ஷேக்கிள் போடுங்கள். விளக்கோடு வந்த சங்கிலியின் கண்ணிகள் வெல்டிங் செய்து மூடியவையா, வெறுமனே வளைத்துச் சேர்த்தவையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தங்கமுலாம் பூசிய சங்கிலி என்பதால் பலமானது என்று ஆகிவிடாது. பல சரவிளக்குகளில் நடுத்தண்டு பல குழாய்களாக வந்து மரையில் திருகிச் சேரும். வீட்டில் தூசி துடைக்கிறவர்கள் ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு விளக்கையே மெல்லச் சுற்றிச் சுற்றித் துடைப்பார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் கால் சுற்று. ஒரே திசையில் சுற்றினால் பத்து வருஷத்தில் இரண்டரை மரை கழன்றிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் லாக் நட்டு அல்லது குறுக்கே ஸ்பிளிட் பின் இருக்க வேண்டும். சுற்றித் துடைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் வையுங்கள்.

அப்புறம், ஃபேன் கொக்கி வீணாகிறதே என்று எலெக்ட்ரீஷியன் வருத்தப்படுவார். வீணாகாது. 6 மி.மீ. கம்பிக் கயிறு ஒன்றை விளக்கின் நடுத்தண்டின் மேல் வளையத்தில் கோத்து, மறுநுனியைச் சிறிதே தளர்வாக அந்தக் கொக்கியில் கட்டிவிடுங்கள். அந்தக் கயிறு அறுக ஏறக்குறைய 2 டன் வேண்டும். முதல் பிடிமானம் போனால் விளக்கு ஓர் அங்குலம் இறங்கிக் கயிற்றில் நிற்கும், அவ்வளவுதான். தளர்வு அதற்கு மேல் இருந்தால் விளக்கு வெட்டென்று விழுந்து கொக்கியை இழுக்கும். ஆகவே அளந்து கட்டுங்கள். கயிற்றின் கிளிப் போடும்போது யு வடிவக் கம்பி, மடக்கிய குட்டை நுனிப் பக்கம் வர வேண்டும். கிளிப்பின் அடிக்கட்டை, பாரம் தாங்கும் நீளப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்குகிற கயிறே நசுங்கும்.

மின்வேலை எலெக்ட்ரீஷியனின் கையில் இருக்கட்டும், இரண்டு விஷயம் மட்டும். வயர் சங்கிலியைவிட நீளமாக, தளர்ந்து வர வேண்டும். எடை துளியும் அதில் ஏறக் கூடாது. உடம்பு உலோகம் என்பதால் எர்த் வயர் கட்டாயம். 24 பழைய 40 வாட் பல்பு என்றால் 960 வாட். ஹால் லைட் லைனிலேயே அதைச் சேர்க்க முடியாது, சூடும் அதிகம். 5 வாட் எல்.இ.டி. போட்டால் 120 வாட்டில் முடிந்துவிடும்.

19 அடி உயரத்தில் விளக்கைத் துடைக்க வருஷா வருஷம் சாரம் கட்டுவீர்களா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வைத்து விளக்கைக் கீழே இறக்கும் கருவி கிடைக்கிறது. வாங்கினால் அதன் சொந்த எடையையும் கூட்டித்தான் தகட்டுக்கும் சோதனைக்கும் கணக்குப் போட வேண்டும். இறங்கும்போது குழந்தைகள் ஹாலில் இருக்கக் கூடாது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்னும் தளம் போடாதவர்கள், சரவிளக்கு வரும் இடத்தில் 16 மி.மீ. கம்பியை வளைத்து, இரு கால்களும் ஒன்றரை அடி நீண்டு அடிக்கம்பிகளுக்கு மேலே படுக்கும்படி கட்டிவிடச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இருப்பவர்கள் உத்தரங்களுக்கு நடுவே டிரில்லை வைக்கவே வேண்டாம். அங்கே சுண்ணாம்பில் ஒட்டி நிற்கும் செங்கல்தான் இருக்கிறது, ஆட்டினால் கல் கையோடு வரும். தேக்கு உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, செல் அரிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டுத் தொங்கவிடலாம். ஃபில்லர் ஸ்லாப், அதாவது கான்கிரீட்டுக்கு நடுவே ஓடு பதித்த தளம், போட்டவர்களும் அப்படித்தான், ஓடு எங்கே, கான்கிரீட் எங்கே என்று வரைபடம் இல்லாமல் துளைக்கக் கூடாது.

ஐயா, ஃபால்ஸ் சீலிங் ஆளிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். தகட்டுக்குச் சோதனை முடியும் வரை அந்தப் பகுதியை மூடாமல் வைக்கட்டும். மூடும்போது, விளக்குக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடுகிற ஒரு கதவு விடட்டும். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், அதைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்: துருக்கறை, ஈரம், சிமென்ட் தூள் உதிர்ந்திருப்பது, நட்டு தளர்ந்திருப்பது. கதவு வைத்தால் அழகு கெடும் என்பார் அவர். விளக்கு எரியும்போது அதற்குப் பக்கத்தில் உள்ள கோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லுங்கள். கிரகப்பிரவேசத்துக்குள் சோதனை முடியவில்லையென்றால் அன்றைக்கு விளக்கு பெட்டியிலேயே இருக்கட்டும். பால் காய்ச்சக் குத்துவிளக்கு போதும்.